நடந்தது நான், குறைஞ்சது அவிய

யம்மா, இந்தப் பையைக் கொஞ்சம் அங்கிட்டு நகட்டி வையேன், உக்காந்துக்கிடுதேன். முழங்கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. ஆங், போதும், ஸ்தோத்திரம். உனக்கா ரத்தம் எடுக்கணும்? அம்மாவுக்கா? உள்ள இருக்காவளா, சரி. எனக்கு இது ரெண்டாவது ரத்தம். வெறும் வயித்துல ஒண்ணு குடுத்துட்டு, எதுத்தாப்ல ஓட்டல்ல இட்லி சாப்பிட்டு வந்து உக்காந்திருக்கேன். இன்னும் நேரம் கிடக்கு.

இந்தா, முந்திரிக்கொத்து. எடுத்துக்கோ. வெளிய வாங்குனது இல்ல, எங்க ஊர்ல சம்மந்தி வீட்ல செஞ்சது. பாசிப்பயறும் கருப்பட்டியுந்தான், வேற ஒண்ணும் கிடையாது. பயறு உடம்புக்கு நல்லது. ஏன் அப்படி பாக்கே? நான் திங்கலாமான்னா? சாப்பிட்ட பெறகு குடுக்க ரத்தம்னுதானம்மா சீட்டுல எழுதிருக்கு. சாப்பிட்டாத்தான அது சாப்பிட்ட பெறகு.

எங்க ஊரு தயாபுரம். திருச்செந்தூர் போற பஸ்ஸுல ஏறி பாதியில இறங்கணும். என் பேரு தங்கபாக்கியம். எங்க சபையில பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான்தான் செயலாளர். நீ கோயிலுக்குப் போற பிள்ளையா? எந்தக் கோயில்? முப்புடாதி அம்மனா, சரி, சரி. அப்போ உனக்கு விளக்கமாத்தான் சொல்லணும். எங்க ஆளுக போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம். அவிய வீட்டம்மா ஐயரம்மா. போன வருசம் வந்த ஐயர் சின்னப் பையன். ஐயரம்மா அதைவிடச் சின்னது. பெர்சிஸ்னு பேரு. முருங்கைக்காய் மாதிரி இருக்கும். விடியுமுன்ன எந்திரிச்சு காலுல பூட்ஸை மாட்டிக்கிட்டு கோயில் காம்பவுண்டைச் சுத்தி ஓடும். யாராவது விரட்டுதாவளோன்னு முதல் நாள் நாங்க எல்லாரும் பதறிட்டோம். விசாரிச்சா, சும்மாதான் ஓடுதாவளாம்.

லெந்து நாள்னு கேள்விப்பட்டிருக்கியா? ஈஸ்டருக்கு முன்ன நாப்பது நாள். கறி, மீன், முட்டை ஒண்ணும் அடுப்புல ஏறாது. நல்ல காரியம் எதுவும் வைக்க மாட்டோம். அந்த லெந்து ஆரம்பிச்ச அன்னைக்கு ஐயர் பிரசங்கத்துல என்ன சொன்னாவ தெரியுமா? நம்ம சரீரமும் ஒரு கோயில்தான், வருசா வருசம் கல்லுக்கோயிலுக்கு வெள்ளை அடிக்கோம், இந்தக் கோயிலைக் கவனிக்கோமான்னு கேட்டாவ. கேட்டுட்டு எல்லாரையும் ஒரு சுத்து பாத்தாவ. பாத்துக்கிட்டே வந்து என் மேல கொஞ்சம் கூடுதலா நின்ன மாதிரி எனக்குப் பட்டுது. மூணாவது வரிசை நடுவுல உக்காந்திருந்தா யாரு மேல நிக்கும்?

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா பள்ளிக்கூட வராந்தாவுல ஐயரம்மா எடை மெசினை வச்சிக்கிட்டு நிக்காவ. இந்த லெந்துல எல்லாரும் கொஞ்சம் எடை குறைக்கணும், ஈஸ்டர் அன்னைக்குத் திரும்ப நிறுக்கணும், ரொம்பக் குறைஞ்சவியளுக்குப் பரிசுன்னு சொன்னாவ. எங்க வீட்டுக்காரரும் ஏறுனாவ, நானும் ஏறுனேன். எண்பத்திரண்டு. அதை எண்பத்திரண்டுன்னு எடுக்கக்கூடாது. தோள்ல கைப்பை இருந்துது. அதுக்குள்ள வேதப்புத்தகம், பாட்டுப்புத்தகம், வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஒரு தண்ணி பாட்டில். பையைக் கீழ வச்சிட்டு ஏறுங்கன்னு ஐயரம்மா சொன்னாவ. வேதப்புத்தகத்தைத் தரையில வைக்கலாமாம்மான்னு கேட்டேன். பையோடயே எழுதிக்கிட்டாவ. பை இருந்தா ஈஸ்டர்ல குறைச்சுக் காட்டலாம்னு நான் நினைச்சதா கனகமணி ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அவ புத்தி அப்படி.

கனகமணி பாடகர் குழுவுல இருக்கா. எங்க தெருதான். அன்னைக்குச் சாயங்காலக் கூட்டத்துல சாட்சி சொல்ல நேரம் குடுத்தாவ. சாட்சின்னா, ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சபை முன்னால எந்திரிச்சுச் சொல்லுதது. இவ என்ன செஞ்சா, மைக்கைப் பிடிச்சு, ஆண்டவர் கிருபையால ஈஸ்டருக்குள்ள மூணு கிலோ குறைப்பேன்னு விசுவாசிக்கேன்னா. நடக்காத காரியத்துக்குச் சாட்சி. எல்லாரும் அல்லேலூயாங்காவ. செயலாளர் நான் இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லாண்டாமா? மைக்கை வாங்கி, ஆண்டவர் இந்த சரீரத்துல இருந்து அஞ்சு கிலோவை எடுத்துப் போடுவாரு, எடுத்தா ஈஸ்டர் அன்னைக்கு இதே இடத்துல நின்னு சாட்சி சொல்லுவேன், இது என் பொருத்தனைன்னுட்டேன். பொருத்தனைன்னா நேர்ச்சை. நீங்க முடி எடுக்கதா நேந்துக்கிட்டா எடுக்காம இருப்பியளா? அதே மாதிரிதான். சொல்லிட்டா சொன்னதுதான்.

வீம்புக்கு மட்டும் சொல்லலம்மா. அதுக்கு முந்துன மாசந்தான் இதே டாக்டர் என் சக்கரையைப் பாத்துட்டு, எடை குறையலைன்னா இனி மாத்திரை பத்தாது, தினம் ஊசிதான்னு சொல்லியிருந்தாவ. எனக்கு ஊசின்னா உயிர் போயிரும். நாலு பிள்ளை பெத்தவதான், ஆனா ஊசின்னா முடியாது. இப்பக்கூட ரத்தம் எடுக்கையில அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பாக்காம செவத்துல இருக்க காலண்டரைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

மறுநாளே நடக்க ஆரம்பிச்சாச்சு. விடியக்காலம் சும்மா நடங்கன்னுதான் ஐயரம்மா சொன்னாவ. சும்மா நடந்தா அதுல என்ன பிரயோசனம்? நான்தான் அதை ஜெப நடையா மாத்துனேன். தெருத்தெருவா நடக்கணும், வீட்டுக்கு வீடு நின்னு அந்தக் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணணும், அடுத்த வீட்டுக்குப் போகணும். சரீரத்துக்குச் சரீரம், ஆத்துமாவுக்கு ஆத்துமா. ஐயரே மெச்சினாவ. நாங்க ஏழெட்டுப் பொம்பளைக, முன்னால நான்.

இதுல ஒரு காரியத்தை யாரும் யோசிக்கல. எங்க ஊர்ல ஒரு வீட்ல ஜெபம் பண்ணுனா, அந்த வீட்ல வாய் நனைக்காம வெளிய வரக்கூடாது. அது வழக்கம். என் மாமியார் காலத்துல இருந்து அப்படித்தான். ஜெபிச்சு முடிச்சு ஆமென் சொல்லிக் கண்ணைத் தொறந்தா, முன்னால தட்டு நிக்கும். வேண்டாம்னா, எங்க வீட்ல கை நனைக்க மாட்டியளோன்னு அவளுக்கு மூஞ்சி செத்துப் போகும். இப்பத்தான அவ குடும்பத்துக்குச் சமாதானம் உண்டாகணும்னு ஜெபிச்சேன்? ஜெபிச்ச வாய் மூடுமுன்ன நானே அவ சமாதானத்தைக் கெடுக்கலாமா?

ஆனா லெந்தை நான் மீறல. அதை நீ நல்லாக் கேட்டுக்கோ. நாப்பது நாளும் கறி, மீன், முட்டை கையால தொடல. ஆப்பமும் தேங்காய்ப்பாலும் குடுத்தாவ. அதுல என்ன மாமிசம் இருக்கு? உளுந்தங்களி குடுத்தாவ, நடுவுல குழி பறிச்சு நல்லெண்ணெய் ஊத்தி. சுசியம், பணியாரம், கருப்பட்டிக் காப்பி. முதல் வாரம் காப்பியோட நின்னுது. ரெண்டாவது வாரம் அந்த வீட்ல என்ன குடுத்தாவன்னு இந்த வீட்ல விசாரிக்க ஆரம்பிச்சிட்டாவ. பெறகு ஒருத்திக்கொருத்தி போட்டி. கடைக்கார ராமலெட்சுமி, அவ உங்க ஆளுதான், எங்க வீட்டுக்கு மட்டும் ஜெபிக்க மாட்டியளான்னு வழியில நின்னு கேட்டா. அவ வீட்டு அதிரசம் இருக்கே. அந்தக் குடும்பத்துக்கு நான் ரெண்டு தடவை ஜெபிச்சேன். உள்ளதைச் சொல்லணும்லா.

மத்தவளுக எல்லாம் இப்படிச் சாப்பிடலையான்னா? அவளுக கள்ளிக. முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிப் பிள்ளைகளுக்குக் குடுத்தாளுக. கனகமணி ஒரு பாத்திரமே கொண்டு வந்தா. ஜெப நடைக்குப் பாத்திரம் எதுக்கு? நான் அப்படி இல்ல. குடுத்ததை குடுத்தவ கண்ணு முன்னாலயே முழுசா மரியாதை பண்ணிட்டுத்தான் எந்திரிப்பேன்.

இப்போ எங்க வீட்ல அவியளப் பத்திச் சொல்லணும். எங்க வீட்ல அவியன்னா என் வீட்டுக்காரர், ஞானதிரவியம் சார். கணக்கு வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்குனவிய. பேச மாட்டாவ. காப்பி ஆறிப் போனாக்கூட ஆறிப் போச்சுன்னு சொல்ல மாட்டாவ, தானே எந்திரிச்சுப் போயி சூடு பண்ணிக்கிடுவாவ. ஐயரம்மா எனக்குன்னு ஒரு பத்தியச் சாப்பாடு சொல்லிக் குடுத்திருந்தாவ. காலையில கேப்பைக்கூழ், மத்தியானம் ஒரு அகப்பைச் சோறும் கொள்ளுத் துவையலும் கீரையும், ராத்திரி வெள்ளரிக்காயும் ஒரே ஒரு தோசையும். நான் ஒரு நாள் தவறல. நடக்கக் கிளம்புமுன்னயே எந்திரிச்சு எல்லாத்தையும் ஆக்கி, மூடி வச்சிட்டுத்தான் படியிறங்குவேன். ஆனா திரும்பி வந்தா வயித்துல இடம் இருக்கணும்லா. மத்தியானமும் அப்படியே நெஞ்சுக்குள்ள நிக்கும். ராத்திரி பசிச்சா, காலையில வந்த பலகாரத்துல மிச்சம் ஏதாவது கிடக்கும்.

அவியளுக்குச் சோறு வீணாப் போனா பொறுக்காது. மூடி வச்சதை அவியளே எடுத்துச் சாப்பிட்டாவ. அவியளுக்குன்னு தனியா எப்போ ஆக்கன்னு எனக்குத் தெரியல, எனக்கு ஊழியம் அப்படி இருந்துது. நான் வர வெயில் ஏறிப் போகுதுன்னு வாசல் முத்தம் பெருக்குதது, கிணத்துல தண்ணி கோருதது, சைக்கிளை மிதிச்சு சந்தைக்குப் போயி கீரை வாங்கிட்டு வாறது, எல்லாம் அவியதான். சும்மா வீட்லதான இருக்காவ.

இப்படியே போயிக்கிட்டிருக்கு. குருத்தோலை ஞாயிறு வந்துது. அன்னைக்கு எல்லாரும் கையில தென்னங்குருத்தைப் பிடிச்சு ஓசன்னா பாடிக்கிட்டு ஊரைச் சுத்தி வருவோம். ஆம்பளைக முன்னால, நாங்க பின்னால. பாடிக்கிட்டே பாக்கேன், முன்னால யாரோ ஒரு ஆளு வேட்டியை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு நடக்கு. சட்டைக் காலருக்குள்ள கழுத்து உரலுக்குள்ள உலக்கை மாதிரி தனியா ஆடுது. யாருடா இது சீக்காளின்னு பாத்தா, அவிய. என் வீட்டுக்காரர். ஒரே வீட்டுல இருக்கேன், நான் பாக்கவே இல்ல.

குருத்தோலை எங்க விழுந்துதுன்னு தெரியாது. எங்க சித்தப்பா இப்படித்தான் மெலிஞ்சாவ, அடுத்த மழைக்கு இல்ல. அந்த வாரம் பூரா எனக்கு உறக்கம் இல்ல. கேட்டா, நல்லாத்தான இருக்கேன்காவ. பேசாத மனுசன், நோவு இருந்தாச் சொல்லவா போறாவ? ஈஸ்டருக்கு முந்துன வெள்ளி, ஆண்டவர் சிலுவையில மரிச்ச பெரிய வெள்ளி, அன்னைக்கு மூணு மணி நேர ஆராதனை. ஐயர் பேசுனது ஒரு வார்த்தை என் காதுல ஏறல. ஆண்டவரே, அஞ்சு கிலோ கேட்டேன்ல, அது வேண்டாம், அம்பது கிலோ வேணும்னாலும் என் மேல கூட்டு, இவியள மட்டும் எங்கிட்ட விட்டுருன்னு முழங்கால்ல கிடந்து அழுதேன். முழங்கால் போனது அன்னைக்குத்தான்.

மறுநாள் கையைப் பிடிச்சு இழுத்துட்டு இதே டாக்டர்கிட்ட வந்தேன். எல்லாம் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் சிரிக்காவ. சாருக்கு ஒரு கோளாறும் இல்ல, இருந்த ரத்தக்கொதிப்பும் போயிட்டு, சாரு என்னதான் சாப்பிடுதாருன்னு கேக்காவ. இவிய மெதுவா, இவளுக்கு ஆக்கி வைக்கதைச் சாப்பிடுதேன்னு சொல்லுதாவ. எனக்குப் போன உயிர் அப்பத்தான் திரும்பி வந்துது. பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டிருக்காரு. வீட்டு விலாசமும் சரிதான். வாங்குன ஆளுதான் மாறிப் போச்சு.

இன்னொண்ணு எடுத்துக்கோ. வெக்கப்படாத. நான் எடுத்துட்டேன் பாரு.

ஈஸ்டர் வந்துது. விடியக்கால ஆராதனை முடிஞ்சதும் மெசினை வச்சிட்டாவ. கனகமணி ஏறுனா. சொன்ன மாதிரியே மூணு குறைஞ்சிருக்கு. அவளுக்கு நிலத்துல கால் பாவல. அடுத்து நான். இருக்கதுல மெல்லிசான வாயில் சேலை கட்டியிருந்தேன். கைப்பையைக் கொண்டே போகல. வளையலைக் கழத்தி அவிய சட்டைப்பையில போட்டேன், செருப்பைக் கழத்துனேன், மூச்சையும் கொஞ்சம் வெளிய விட்டுட்டுத்தான் ஏறுனேன். எண்பத்திநாலு. மெசின்ல கோளாறுன்னேன். இறங்கி ஏறச் சொன்னாவ. அப்பவும் எண்பத்திநாலு. அப்புறம் அவிய ஏறுனாவ, என் வளையலோட. ஏழு கிலோ குறைஞ்சிருக்கு. சபையில அதுதான் முதல்.

ஐயர் எல்லாரையும் திரும்ப உள்ள கூப்பிட்டு, யாருக்கெல்லாம் சாட்சி இருக்குன்னு கேட்டாவ. கனகமணி சொல்லிட்டு மைக்கை நேரா என் கையில கொண்டு வந்து தந்தா. அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது கிறிஸ்தவ சிரிப்பே இல்ல. சபை பூரா என்னைப் பாக்கு. பொருத்தனை பண்ணி மீறுனவன்னு சாகுத வரைக்கும் பேசுவாளுக. செயலாளர்னு இனி எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு முன்னால நிக்க? அப்போ பாக்கேன், ஆம்பளைக பக்கத்துல அவிய வேட்டியைப் பிடிச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருக்காவ. அந்தப் பார்வையைப் பாத்ததும் எனக்குள்ள ஒண்ணு திறந்துது.

கேட்டேன். "ஐயரே, கல்யாணம் முடிச்சு வைக்கையில நீங்க பொண்ணு மாப்பிள்ளையை என்னன்னு சொல்லிச் சேத்து வைக்கிய? இனி இவங்க ரெண்டு பேர் இல்ல, ஒரே சரீரம்னுதான?"

ஆமா பாட்டின்னாவ ஐயர். பாட்டியாம். அதை நான் அப்புறம் பேசிக்கிடலாம்னு விட்டுட்டேன்.

"அப்போ எங்க சரீரத்துல ஏழு போயிருக்கு, ரெண்டு வந்திருக்கு. ஆக மொத்தம் அஞ்சு. நான் இந்த சரீரத்துல இருந்து அஞ்சு கிலோன்னுதான் சொன்னேன். ஆண்டவர் ஒரு கிராம் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. ஸ்தோத்திரம்."

ஐயருக்குச் சாஸ்திரம் படிச்ச கல்லூரியில இதுக்குப் பதில் சொல்லிக் குடுக்கல போல. கடைசியில திரும்பி, என்ன சார், நீங்க என்ன சொல்லுதியன்னு அவியகிட்ட கேட்டாவ. அவிய எந்திரிச்சாவ. சபையில அவிய எந்திரிச்சுப் பேசி நான் பாத்ததே இல்ல. "கணக்கு சரியாத்தான் இருக்கு ஐயரே"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாவ. சபை பூரா சிரிச்சு, கை தட்டி, ஐயரம்மா சிரிச்சு கண்ணுல தண்ணி.

ஆனா என் ஆத்தாமை இதுதாம்மா. பரிசு யாருக்குப் போச்சு தெரியுமா? ஒரு நல்ல சில்வர் தண்ணி பாட்டில், ஒரு ஜோடி பூட்ஸ். ரெண்டும் அவியளுக்கு. ஒரே சரீரம்னு ஒத்துக்கிட்டாவல்ல, அப்போ பாட்டிலாவது எனக்குத் தரலாம்லா? தெருத்தெருவா நடந்தது நான். வீடுவீடா ஜெபிச்சது நான். விடியுமுன்ன எந்திரிச்சு பத்தியம் ஆக்குனது நான். குறைஞ்சது அவிய. ஐயரம்மாகிட்ட நேராவே கேட்டுட்டேன். சிரிச்சிக்கிட்டே ஒரு ஜெபத்தைச் சொல்லிட்டுப் போயிட்டாவ.

சரி, சபையில செல்லுபடியான கணக்கு டாக்டர்கிட்டயும் செல்லும்னு நினைச்சேன். ஈஸ்டர் கழிஞ்சு இங்க வந்தோம். என் சக்கரை எங்கயோ இருக்கு, அவியளுக்கு எல்லாம் ஒழுங்கு. டாக்டர் ஊசிச் சீட்டை எழுத எடுத்தாவ. நான் சொன்னேன், டாக்டர், ரெண்டு பேர் சக்கரையையும் கூட்டி ரெண்டால வகுங்க, எங்களுக்கு ஒரே சரீரம்னு. டாக்டர் பேனாவைக் கீழ வச்சாவ. அப்படின்னா ஊசியையும் சாருக்கே போட்டுரலாமாம்மான்னு விளையாட்டாக் கேட்டாவ.

நான் பதில் சொல்லுமுன்ன, பக்கத்துல இருந்த மனுசன் ஒரு வார்த்தை பேசாம சட்டைக் கையை மடிக்க ஆரம்பிச்சிட்டாவ. விளையாட்டுக்கு இல்லம்மா. மூஞ்சியைப் பாத்தா எனக்குத் தெரியாதா? எனக்கு ஊசின்னா பயம்னு தெரியும், எனக்குப் பதிலா போட்டா ஆகும்னு யாராவது சொன்னா போட்டுக்கிடுவாவ. கணக்கு வாத்தியாருக்கு அது தப்பான கணக்குன்னு தெரியாமலா? டாக்டருக்கே சிரிப்பு நின்னு போச்சு. எனக்கு அழுகை வந்துட்டுது. முப்பத்தெட்டு வருசமா இந்த மனுசனுக்கு வாய் இல்லன்னு ஊரு பூரா குறை சொல்லியிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் தாங்க டாக்டர், நானே குறைக்கேன்னு கேட்டு வாங்குனேன். அந்தத் தவணை இன்னைக்கு முடியுது. இன்னைக்குச் சக்கரை இறங்கலைன்னா நாளையில இருந்து ஊசிதான்.

இப்போ அவிய கூடத்தான் நடக்கேன். குளத்தங்கரை மேல. அங்க ஒரு வீடு கிடையாது. ஒரு டீக்கடை கிடையாது. நல்லா விசாரிச்சுத்தான் அந்த வழியைப் பிடிச்சிருக்காவ. பூட்ஸ் போட்டுக்கிட்டு முன்னால போவாவ, பாட்டிலை மட்டும் என் கையில தந்திருவாவ. வீட்லயும் ஒரே சட்டிதான், ஒரே கூழுதான். சேந்து உக்காந்து குடிக்கோம். நான் ரொம்பக் கட்டுப்பாடாத்தான் இருக்கேன். இந்த முந்திரிக்கொத்து வேற விசயம். சம்மந்தி வீட்டுப் பலகாரம், மரியாதைக்கு.

என் பேரையா கூப்பிடுதாவ? ஆமா, தங்கபாக்கியம்தான். வாறேம்மா, வாறேன்னு சொல்லு. அந்தா பாரு, வாசல்ல வெள்ளை வேட்டி, கீழ பூட்ஸ், அவியதான். நான் சாப்பிட்டு உக்காந்த நேரத்துல இந்த காம்பவுண்டை எத்தனை சுத்து சுத்துனாவளோ. வரும்போதே சட்டைக் கையை மடிச்சிக்கிட்டு வாறாவ பாத்தியா? ஒவ்வொரு தடவையும் அப்படித்தான், வாசல்ல கால் வைக்கும்போதே மடிச்சிருவாவ.

யம்மா, சீக்கிரம், இந்தப் பொட்டலத்தை உன் பையில போடு. அடியில ஒண்ணுதான் கிடக்கு, அதை நீ வாயில போட்டுக்கோ. அவிய கேட்டா, நாங்க ரெண்டு பேரும் சேந்து தின்னோம்னு சொல்லு. நீயும் தின்னுருக்கேல்ல, அது பொய் இல்ல. அதுல உனக்கு எத்தனை, எனக்கு எத்தனைன்னு மட்டும் வாயைத் திறந்துராத. கணக்கு வாத்தியார்லா, கண்டுபிடிச்சிருவாவ.